தங்கம்னா தங்கம்தான்

எங்கள் வீட்டில் அந்த அம்மாளின் பேரை யாரும் எடுப்பதில்லை. எடுத்தால் என் வீட்டுக்காரருக்கு முகம் சுண்டிவிடும். நானும் இங்கே எடுக்கப்போவதில்லை. வீட்டுக்காரருக்குப் பயந்து அல்ல. பேர், ஊர், நட்சத்திரம் என்று நான் ஆரம்பித்தால் அந்த அம்மாளே குறுக்கே விழுந்து, "அதெல்லாம் அப்புறம். தோண்டுனானா இல்லையா, அதச் சொல்லு" என்பார். என் வீட்டுக்காரருக்கு அவர் அக்கா, எனக்கு நாத்தனார். நான் அண்ணி என்று கூப்பிடுவேன். கல்யாணம் செய்துகொள்ளாமல் தம்பி வீட்டிலேயே இருந்தார். ஏன் செய்துகொள்ளவில்லை என்று நானும் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை.

2004இல் கல்யாணமாகிக் கடலூருக்கு வந்தேன். வந்த வாரமே, சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது, அண்ணி கதவோரம் வந்து நின்று என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஒரு கேள்வி கேக்கறேன், யோசிக்காம சொல்லு. காட்டு வழியா போற. கால்ல ஒரு கல்லு இடறுது. குனிஞ்சு பாத்தா தங்கக்கட்டி. சுத்துமுத்தும் ஆளே இல்ல. என்ன பண்ணுவ?"

புது மருமகள் இல்லையா! நல்ல பேர் வாங்கும் அவசரத்தில், "போலீஸ் ஸ்டேஷன்ல ஒப்படைச்சிடுவேன் அண்ணி" என்றேன்.

"அடப்பாவமே! இதுக்கா இவ்ளோ தூரம் வேன் வச்சிக்கினு வந்து பொண்ணு பாத்தோம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். அவர் கையில் ஒரு பாக்கெட் நாவல் இருந்தது. அட்டையில் தொப்பி போட்ட வெள்ளைக்காரன் ஒருவன் மண்டியிட்டு ஆற்று மண்ணை அலசிக்கொண்டிருந்தான். எனக்கு அழுகை வந்துவிட்டது, வெங்காயத்தின் மேல் பழியைப் போட்டுக்கொண்டேன்.

அண்ணி நல்லவர் என்று நிரூபிக்க நான் இதை எழுதவில்லை. அவரோடு ஒரு வீட்டில் குப்பை கொட்டுவது லேசான காரியமில்லை. சங்கரா மீன் குழம்பு வைத்தால் சட்டியைக் கிளறி நடுத்துண்டைத் தன் தட்டில் போட்டுக்கொள்வார். யாருக்கு இருக்கிறது, யாருக்கு இல்லை என்று பார்க்கவே மாட்டார். நான் எப்போதும் வால் துண்டுதான். ஒருநாள் பொறுக்கமாட்டாமல், "உங்களுக்கு நடுத்துண்டுதான் பிடிக்குமா அண்ணி?" என்று ஊசி குத்துவதுபோலக் கேட்டேன். "எல்லாருக்கும் அதான் புடிக்கும். நான் எடுத்துக்கறேன், நீ எடுத்துக்க மாட்ற" என்றார். சண்டைக்குக்கூட இடம் வைக்காத பேச்சு. அன்றைக்கு எனக்கு வந்த கோபத்தில் சாப்பாடே இறங்கவில்லை.

அடுத்த வருஷம் சிதம்பரத்தை ஒட்டிய அண்ணாமலை நகரில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் எனக்கு வேலை கிடைத்தது. அண்ணி அங்கே பல்கலைக்கழகத்தில் ஒரு துறை அலுவலகத்தில் பல வருஷமாகத் தட்டச்சர். இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் காலையில் சிதம்பரம் போய் சாயங்காலம் கடலூர் திரும்புவோம். பஸ்ஸில்தான் எனக்கு அவரைப் பிடிக்க ஆரம்பித்தது.

அந்த பஸ்ஸில் தினமும் வரும் பெண்கள் சிலர் உண்டு. டீச்சர்கள், நர்சுகள், ஆபீஸ் ஆட்கள். கதைப் புத்தகம் படிப்பவர்கள் அட்டை தெரியாமல் செய்தித்தாள் சுற்றி மடிக்குள் வைத்துப் படிப்பார்கள். அண்ணி ஜன்னலோரம் உட்கார்ந்து, தங்கச் சுரங்கத்துக்காரன் முகம் ஊருக்கே தெரிகிற மாதிரி தூக்கிப் பிடித்துப் படிப்பார். "மறைக்கறதுக்கு நான் என்ன திருடிக்கினா வந்தேன்?" என்பார். 

புத்தகங்கள் சிதம்பரத்தில் ஒரு சந்துக்குள் இருந்த வாடகை லைப்ரரியில் எடுப்பவை. தமிழ்நாட்டுக்காரர்களே எழுதியவைதான். ஆட்களுக்கு மட்டும் வெள்ளைக்காரப் பேர் இருக்கும். பனிமலை இருக்கும், கோவேறு கழுதை இருக்கும். முதல் பக்கத்தில் 'உண்மைச் சம்பவத்தைத் தழுவியது' என்று போட்டிருக்கும். அந்த ஒரு வரிதான் அண்ணிக்கு உயிர். உண்மை எதுவரைக்கும், பொய் எங்கிருந்து என்று பிரிப்பதில் அவருக்கு அப்படி ஒரு சந்தோஷம். மத்தியான இடைவேளையில் பல்கலைக்கழக நூலகத்துக்குப் போய் பழைய தடிப் புத்தகங்களைப் புரட்டி நிஜத்தைத் தெரிந்துகொண்டு வருவார். ஆஸ்திரேலியாவில் ஒரு மரத்து வேரோரம், மண்ணுக்குச் சற்றுக் கீழேயே ராட்சதக் கட்டி ஒன்று கிடந்ததாம். அங்கிருந்த தராசு தாங்காது என்று உடைத்துத்தான் நிறுத்தார்களாம். அமெரிக்காவில் மரம் அறுக்கும் மில்லுக்குத் தண்ணீர் போகிற வாய்க்காலில் சின்னதாக ஏதோ மினுக்கியதாம். அதைப் பார்த்த பிறகு உலகமே அங்கே ஓடியதாம்.

"தோ, இந்த வரி வரைக்கும் நெசம்" என்று பக்கத்தில் விரலை வைத்துக் காட்டுவார். "இங்கேருந்து விடறான். ஆனா எவ்ளோ அழகா விடறான் பாரு! மரத்த மட்டும் வச்சிக்கினு அதுல ஒரு பேயை ஏத்தி, அந்தப் பேய்க்கு ஒரு பொண்டாட்டியையும் வச்சிட்டான். மூளைக்காரன்!" 

பஸ்ஸில் கதை சொல்ல ஆரம்பித்தால் ஆலப்பாக்கம் தாண்டுவதற்குள் முன் சீட்டுக்காரர்கள் திரும்பிவிடுவார்கள். நின்றுகொண்டிருப்பவர்கள் சாய்ந்துகொள்வார்கள். சமையல்காரன் கதை எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. சுரங்கக்காரர்கள் கூடாரத்தில் வாத்து அறுக்கிற சமையல்காரன் ஒருவன், வாத்தின் இரைப்பையில் மஞ்சளாக மணி மணியாக எதையோ பார்க்கிறான். வாயைத் திறக்கவில்லை. மறுநாள் வாத்துக்காரியிடம் போய், "ஏம்மா, உன் வாத்து எந்தக் குளத்துல மேயுது?" என்று சும்மா கேட்பதுபோலக் கேட்கிறான். இந்த இடத்தில் அண்ணி புத்தகத்தை மூடிவிட்டார். "மீதி சாயங்காலம்."

புதுச்சத்திரத்தில் இறங்க வேண்டிய டீச்சர் முட்லூரில் இறங்கி, கண்டக்டரைத் திட்டினார். கண்டக்டர், "என்ன ஏன் திட்றீங்க, நானும் வாத்தத்தான் கேட்டுக்கினு இருந்தேன்" என்றார். அந்த ஞாயிற்றுக்கிழமை எத்தனை வீட்டில் கோழி இரைப்பையைக் கிழித்துப் பார்த்தார்களோ தெரியாது. ஆலப்பாக்கம் நர்ஸ் மட்டும் திங்கள்கிழமை வெட்கப்படாமல் சொன்னார்: "நாட்டுக்கோழிதான்க்கா. நல்லா அலசித்தான் பாத்தேன். வெறும் கல்லுதான் இருந்துச்சு."

அண்ணி சிரிக்கவில்லை. "எங்க மேய்ஞ்ச கோழின்னு கேட்டியா?" என்றார். பஸ்ஸே சிரித்தது.

அந்தக் கதையின் முடிவில் சமையல்காரன் மூட்டையோடு பனியில் விறைத்துச் செத்துப்போகிறான். கீழே கொட்டை எழுத்தில், 'பேராசை பெருநட்டம்'. தொண்ணூறு சதவீதம் தங்கக் கதைகள் இப்படித்தான் முடியும். எடுத்தவன் சாவான், பைத்தியமாவான், இல்லையென்றால் கொண்டுபோய் ஆற்றில் கொட்டிவிட்டு மன நிம்மதி அடைவான். அண்ணிக்கு இந்த முடிவுகளைக் கண்டால் பற்றிக்கொண்டு வரும். அவருடைய மருந்து, ஆபீஸ் ஸ்டேப்ளர். கடைசித் தாள்களைச் சேர்த்துப் பிடித்து நான்கு பக்கமும் பின் அடித்து மூடி, அப்படியே லைப்ரரியில் திருப்பிக் கொடுத்துவிடுவார்.

லைப்ரரிக்காரர் சாதுவான மனுஷர். அவரே ஒருநாள் எழுந்து நின்றுவிட்டார். "மேடம், உங்க ஆபீஸ் பின்னு பூரா என் புக்குலதான் இருக்குது. அடுத்தவங்க படிக்க வேணாமா?"

"படிக்கட்டும். வேணும்னா புடுங்கிப் படிக்கட்டும். உசுரக் குடுத்துத் தோண்டி எடுத்தவன் ஒரு வேள கறி சோறு துன்னுட்டு நல்லாத் தூங்குனான்னு எழுதுனா இவங்க கைக்கு என்ன வலி?"

"ஆசைப்பட்டா அழிவான்னு ஒரு நீதி வேணும்ல மேடம்."

"நீதி எதுக்குங்க? நான் கதைக்குத்தான வாடகை குடுத்தேன்?"

கொஞ்ச நாளில் என்ன ஆயிற்று என்றால், பின் அடித்த புத்தகங்களையே ஆட்கள் கேட்டு எடுக்க ஆரம்பித்தார்கள். பின்னைப் பிடுங்கச் சோம்பல்பட்டு, முடிவை அண்ணியிடமே வந்து கேட்டார்கள். ஒரே கதைக்கு ஆளுக்கு ஒரு முடிவு சொல்வார். ஆனால் எல்லாவற்றிலும் எடுத்தவன் வைத்துக்கொண்டான். ஒருத்தன் ரயில் டிக்கெட் எடுத்துத் தன் ஊருக்குப் போனான், ஒருத்தன் மாமியாருக்குப் பல்செட் கட்டினான்.

பஸ்ஸில் ஒருநாள், ரிட்டயர்டான வாத்தியார் போலத் தெரிந்த ஒருவர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "ஏம்மா, படிச்ச பொண்ணா இருக்கற. உழைப்புதான் உண்மையான தங்கம்னு சொல்ற கதையா படிச்சா நாலு பேருக்குப் பிரயோஜனமா இருக்கும்ல?" என்றார்.

அண்ணி மரியாதையாகத்தான் திரும்பினார். "உழைப்பு உழைப்புதான் சார். தங்கம்னா தங்கம்தான். ரெண்டும் ஒண்ணுன்னு சொல்லிட்டா, உழைச்சவனுக்கு உழைப்பையே கூலியா குடுத்து அனுப்பிடலாம்ல? நல்ல ஐடியா சார்."

அவர் அடுத்த நிறுத்தத்தில் இறங்கிக்கொண்டார். அவர் ஊரே அதுதானா என்று எனக்கு இன்றுவரை சந்தேகம்.

இவ்வளவு தங்கப் பைத்தியம் பிடித்த ஆள் உடம்பில் ஒரு பொட்டுத் தோடு தவிர தங்கம் கிடையாது. அட்சய திருதியைக்கு நகைக்கடை வாசலில் வெயிலில் நான் கால் கடுக்க நின்றுவிட்டு வந்தால், "கடையில கெடக்கறது எவனோ எடுத்தது. அதுல கதை எங்க இருக்குது?" என்று உதட்டைப் பிதுக்குவார். ஒருதடவை லீவு போட்டுவிட்டு, யாரிடமும் கேட்காமல், தனியாக ரயிலேறிக் கோலார் போய்வந்தார். மூடிக் கிடக்கிற சுரங்கத்தையும் மலை மலையாகக் கொட்டி வைத்திருக்கிற கழிவு மண்ணையும் பார்த்துவிட்டு, பாதம் வீங்கிப்போய் வந்து சேர்ந்தார். தம்பிக்கு ஒரே குஷி. "பாத்தியாக்கா? வெறும் மண்ணு. ஏமாந்துபோனியா?" 

"ஏமாத்தமா? இந்த மண்ண வச்சிக்கினு இவ்ளோ கதை பண்ணிருக்கானுங்களே, எழுதறவன் எவ்ளோ கெட்டிக்காரன்னு இப்பத்தான்டா தெரிஞ்சுது" என்றார் அண்ணி. சுடுதண்ணீரில் காலை வைத்துக்கொண்டு அன்றைக்கே அடுத்த புத்தகத்தை எடுத்துவிட்டார்.

இதுவரை சிரித்த கதை. இதற்குப் பிறகு வீட்டில் யாரும் சிரிக்கவில்லை.

மாமனார் 2008இல் போய்ச் சேர்ந்தார். மாமியார் நான் வருவதற்கு முன்பே இல்லை. நாங்கள் இருந்த கடலூர் வீடு என் வீட்டுக்காரர் கட்டியது. மாமனார் விட்டுப்போனது கேப்பர் மலைப் பக்கம் ஒரு முந்திரிக் கொல்லை மட்டும். வாரிசு அக்காவும் தம்பியும். கொல்லையை மனைப் பிரிவு போட ஒரு தரகர் கேட்டுக்கொண்டிருந்தார். விற்றால் வீட்டுக்கு மாடி எடுக்கலாம். பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது, அந்த மாடி மேல் எனக்கும் ஆசை இருந்தது. விற்பதற்கு அக்கா தன் பங்கை விட்டுக்கொடுத்து விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட வேண்டும். எங்கள் பக்கத்தில் அது ஒரு பெரிய விஷயமே இல்லை. பெண்பிள்ளைகள் போட்டுவிடுவார்கள். நானே என் கல்யாணத்துக்கு முந்தின வாரம் என் அண்ணன்களுக்குப் போட்டுக் கொடுத்துவிட்டு, அவர்கள் எடுத்துத் தந்த பட்டுப்புடவையில்தான் மணையில் உட்கார்ந்தேன்.

வீட்டுக்காரர் பத்திரத்தைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேஜையில் வைத்தார். அண்ணி தட்டச்சர் இல்லையா, எடுத்து முழுக்கப் படித்தார். "மார்ஜின் சரியா வுடல" என்றார். மடித்துத் திருப்பிக் கொடுத்தார். "நான் போட மாட்டேன் தம்பி."

"ஏங்க்கா?"

"என் பங்கு எனக்கு வேணும்."

"உனக்கு எதுக்கு? புள்ளையா குட்டியா? யாருக்கு சேத்து வைக்கப்போற? நாங்கதான உன்ன கடைசி வரைக்கும் பாத்துக்கப்போறோம்?"

"பாத்துக்கறதுக்கு அது கூலியா?"

"அப்பிடிச் சொல்லலக்கா. எதுக்கு வேணும்னு ஒரு காரணம் சொல்லு, ஒத்துக்கறேன்."

"வேணும்னு வேணும்" என்றார் அண்ணி.

நான் சமாதானம் பண்ணுவதாக நினைத்துக்கொண்டு, "நான்லாம் கேட்ட உடனே போட்டுக் குடுத்துட்டேன் அண்ணி. ஒரு பட்டுப்புடவை எடுத்துக் குடுத்தாங்க. நான் மனசார வாங்கிக்கிட்டேன்" என்றேன்.

அவர் என் பக்கம் திரும்பினார். "நல்ல புடவைதான்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அந்தப் புடவையை அதற்குப் பிறகு நான் கட்டவில்லை. ஏன் என்று வீட்டுக்காரர் கேட்டபோது ஜரிகை உறுத்துகிறது என்று சொல்லிவிட்டேன்.

கீரப்பாளையத்திலிருந்து தாய்மாமனை வரவழைத்தார்கள். நல்ல மனுஷர், ஊர்ப் பஞ்சாயத்தெல்லாம் பேசுகிறவர். மத்தியானம் கறிக்குழம்பு சாப்பிட்டுவிட்டு வெற்றிலையைத் தடவிக்கொண்டே ஆரம்பித்தார். "தோ பாரும்மா. பொறந்த வூட்டு மண்ண பங்கு போட்ட பொண்ணு வாழ்ந்ததா சரித்திரம் இல்ல. நீதான் கதை கதையா படிக்கறியே. பேராசப்பட்டவன் கதி என்ன ஆச்சுன்னு உனக்கா தெரியாது?"

"மாமா, பாதி கேக்கற எனக்குப் பேராசைன்னா, முழுசும் கேக்கறவனுக்கு என்ன பேரு?"

மாமா வெற்றிலையை வாயில் போடாமல் கையிலேயே வைத்திருந்தார். பிறகு மோர் கேட்டார். சாயங்கால பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்று சீக்கிரமே கிளம்பிவிட்டார்.

அதற்குப் பிறகு அக்காவும் தம்பியும் நேராகப் பேசிக்கொள்ளவில்லை. ஒரே அறையில் உட்கார்ந்துகொண்டு, "உன் நாத்தனார்கிட்ட சொல்லு", "உன் புருஷன்கிட்ட சொல்லு" என்று இரண்டு பேரும் என்னைத் தபால்பெட்டி ஆக்கிவிட்டார்கள். சொந்தக்காரர்கள் விசேஷத்துக்குக் கூப்பிட்டால் அண்ணியை மட்டும் விட்டுவிட்டுக் கூப்பிட்டார்கள். பங்கு கேட்டவள் என்ற பேர் கடலூரிலிருந்து கீரப்பாளையம் வரைக்கும் பரவிவிட்டது. அண்ணி அசையவில்லை. குழம்பில் நடுத்துண்டை எடுத்துக்கொள்வதையும் நிறுத்தவில்லை. எனக்கு அவர் மேல் ஆத்திரம் வரும். அடுத்த நாள் பஸ்ஸில் கதை சொல்லும்போது அந்த ஆத்திரம் போய்விடும். வீட்டுக்குள் நுழைந்ததும் திரும்ப வரும்.

இப்படியே வருஷங்கள் ஓடி 2011 முடிகிற நேரத்தில் 'தானே' புயல் அடித்தது. அன்றைக்கு ஊர் பட்ட பாட்டைக் கடலூர்க்காரர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. கரண்ட் இல்லை, தண்ணீர் இல்லை, ரோட்டில் மரம். வழி கொஞ்சம் திறந்ததும் அண்ணி செருப்பை மாட்டிக்கொண்டு, "வா, கொல்லையப் பாத்துட்டு வருவோம்" என்றார். விழுந்த மரங்களுக்கு மேலும் கீழும் ஏறிக் குனிந்து நடந்தே போனோம்.

கொல்லையில் ஒரு முந்திரி நிற்கவில்லை. எல்லாம் வேரோடு பிடுங்கிக்கொண்டு தலைகுப்புறக் கிடந்தன. செம்மண் ஒட்டிய வேர்கள் ஆள் உயரத்துக்கு நிமிர்ந்து நின்றன. ஒவ்வொரு மரத்துக்கும் கீழே ஒரு பெரிய குழி. பக்கத்துக் கொல்லைக்கார அம்மா தன் மரத்தின் மேல் கையை வைத்து, செத்த வீட்டில் அழுவதுபோல் அழுதுகொண்டிருந்தார். எனக்கும் அழுகை வந்தது. அண்ணி அழவில்லை. முதல் குழிக்குப் போனார். குனிந்தார். உள்ளே இறங்கி, வேர் அடியில் கையை விட்டு மண்ணைக் கிளறிப் பார்த்தார். ஏறி வந்து அடுத்த குழியில் இறங்கினார்.

"அண்ணி, என்ன பண்றீங்க?"

"பாக்கறேன்."

"எத?"

"மரத்து வேர்லதான் இருந்துச்சு அந்தக் கட்டி. உனக்கு எத்தன தடவ சொல்லிருக்கேன்? தோண்டணும்னா எத்தன ஆளு வேணும், எத்தன நாளு ஆவும்! காத்து ஒத்த ராத்திரில எல்லாத்தையும் தோண்டிக் குடுத்திருக்குது. பாக்காம போனா அது முட்டாத்தனம் இல்லையா?"

எனக்குக் கூச்சமாகப் போய்விட்டது. ஊரே துக்கத்தில் இருக்கிறது, இந்த அம்மாள் குழி குழியாகத் தங்கம் தேடுகிறார். பக்கத்துக் கொல்லை அம்மா அழுகையை நிறுத்திவிட்டு எங்களையே பார்த்தார். "இன்னாத்தம்மா தேடுது அது?" என்று என்னிடம் கேட்டார். அண்ணி குழிக்குள்ளிருந்தே, "தங்கம்! உங்க குழிலயும் பாருங்க ஆயா, எவன் கண்டான்" என்று கத்தினார்.

அந்த அம்மா திட்டுவார் என்று பயந்தேன். அவர் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "அடிப் போடி இவளே!" என்றார். சிரித்தும் விட்டார். பிறகு மெதுவாகத் தன் மரத்தடியில் குனிந்து எட்டிப் பார்த்தார். அந்தப் பக்கம் போன ஒன்றிரண்டு பேர் என்ன என்று கேட்டு, கேலி செய்து, அவர்களும் போகிற வழியில் ஒரு குழியில் தலையை நீட்டிவிட்டுத்தான் போனார்கள். புயலுக்குப் பிறகு நான் கேட்ட முதல் சிரிப்பு அந்தக் கொல்லையில்தான்.

அண்ணி கொல்லையின் நடுவில் ஒரு குழிக்குள் முழங்கால் வரை நிற்கும்போது என் வீட்டுக்காரர் தரகரோடு வந்து சேர்ந்தார். மூன்று வருஷமாக அடக்கி வைத்தது எல்லாம் அன்றைக்கு வெடித்தது.

"பாத்துட்டியா? போச்சு, எல்லாம் போச்சு! இனிமே இது பொட்டல். இப்ப இவரு கேக்கறப்பவே குடுத்தாத்தான் உண்டு. நாளைக்கு நாய்கூட சீந்தாது. கையெழுத்துப் போடு. இல்லன்னா இன்னைக்கே என் வூட்ட வுட்டு கெளம்பு!"

நேராக அக்காவிடம் பேசிவிட்டார். ஐம்பதை நெருங்குகிற பெண். கரண்ட் இல்லாத, பாதி வீடுகளுக்குக் கூரை இல்லாத ஊரில் எங்கே போவார்? ஒரு கையெழுத்துப் போட்டால் எல்லாம் பழையபடி ஆகிவிடும். 'போட்டுத் தொலைங்களேன் அண்ணி' என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது.

அண்ணி குழிக்குள் நின்றபடியே சுற்றிலும் பார்த்தார். கையிலிருந்த மண்ணைத் தட்டிவிட்டார்.

"கெளம்பறேன். அதுக்கு முன்ன ஒண்ணு சொல்லு. நான் நிக்கற குழி என் பாகத்துல வருதா, உன் பாகத்துல வருதா? அளந்து சொல்லு. உன்னுதுன்னா இப்பவே ஏறிக்கறேன்."

நான் சிரித்துவிட்டேன். சத்தமாகச் சிரித்துவிட்டேன். தரகரும் சிரிப்பை அடக்க முடியாமல் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். வீட்டுக்காரர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! அக்காவை அவர் மன்னித்தாலும் மன்னிப்பார், அந்தச் சிரிப்புக்காக என்னை மன்னிக்க மாட்டார். மன்னிக்க வேண்டாம். அன்றைக்கு அண்ணிக்கு என்னால் கொடுக்க முடிந்தது அது ஒன்றுதான்.

அண்ணி அன்றே ஒரு பெட்டியோடு கிளம்பி, அண்ணாமலை நகரில் ஒரு அறை எடுத்துத் தங்கினார். வக்கீல் வைத்தார். 2012 பாதியில் வேறு வழியில்லாமல் பாகப்பிரிவினை ஆயிற்று. சர்வேயர் வந்து அளந்து கல் நட்டார். ரோட்டோரம் தம்பிக்கு, உள்பக்கம் அக்காவுக்கு. அண்ணி நின்ற குழி யாருக்குப் போயிற்று என்று நான் பார்க்கவில்லை. வீட்டுக்காரர் தன் பாகத்தை விற்றார். மாடி வந்தது. எனக்கு அங்கே துணி காயப்போட வசதியாகத்தான் இருக்கிறது. அந்த வருஷம் முழுக்க, வேலை முடிந்ததும் வீட்டுக்குத் தெரியாமல் அண்ணி அறைக்குப் போய் ஒரு டீ குடித்துவிட்டுத்தான் பஸ் ஏறுவேன்.

அப்படி ஒரு சாயங்காலம் நான் அங்கே இருக்கும்போது அதே தரகர் வந்தார். அண்ணி பாகத்தையும் சேர்த்தால் மனைப் பிரிவு சதுரமாக வரும் என்று அவருக்குக் கணக்கு. நாற்காலி நுனியில் உட்கார்ந்து வெகுநேரம் பேசினார். கடைசியில் அலுத்துப்போய்க் கையை விரித்தார்.

"மேடம், தப்பா நெனைக்காதீங்க. மரம் இல்ல. தண்ணி இல்ல. வண்டி போக பாதை இல்ல. பள்ளம் பள்ளமா கெடக்குது. நீங்க நெனைக்கற மாதிரி கீழயும் ஒண்ணும் கெடையாது. சத்தியமா சொல்றேன், அதுல ஒண்ணுமே இல்ல மேடம்."

அண்ணி டீயை முழுக்கக் குடித்து, டம்ளரைக் கீழே வைத்தார்.

"ஒண்ணும் இல்லன்னு எனக்குத் தெரியும்ங்க. நான் ஒவ்வொரு குழியா எறங்கிப் பாத்தவ. அப்பவும் குடுக்க மாட்டேன்."